அன்று ரீப்ரின்ட் கார்டு, இன்று ஜூம்

வெளிநாட்டில் பிஎச்.டி. படிக்கப் போகிறவருக்குத் தயாரிப்பு இரண்டு வகை. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கான தயாரிப்பு ஒன்று. ஆராய்ச்சி செய்வதற்கான தயாரிப்பு இன்னொன்று. முதலாவதில் தேர்வு, படிவம், பணம், விசா, பெட்டி எல்லாம் அடக்கம். வீடு முழுக்க அதே பேச்சாக இருக்கும். எந்தக் கேள்விக்காக ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுக்கப் போகிறோம், யாரிடம் கற்கப் போகிறோம் என்ற இரண்டாவது தயாரிப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1992-இல் தாவர உயிரியல் படிக்க மதுரையிலிருந்து அமெரிக்கா போனவள் நான். 2025-இல் என் அண்ணன் மகள் அதே துறையில் ஜெர்மனி போனாள். அவள் தயாரானதைக் கூடவே இருந்து பார்த்தபோது, முதல் வகைத் தயாரிப்பில் அனேகமாக எல்லாமே மாறிவிட்டதையும் இரண்டாவதின் அடிப்படை மாறாததையும் கண்டேன்.

எங்கள் காலத்தில் தகவல் என்பதே அரிய பொருள். ஒரு பல்கலைக்கழகத்தின் முகவரி வேண்டுமென்றால், முன்பே போன சீனியர் யாருக்காவது எழுதிய ஏரோகிராமைத் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் இருந்த கல்வி அறக்கட்டளையின் நூலகத்துக்குப் போக வேண்டும். தலையணை கனத்தில் பல்கலைக்கழகக் கையேடுகள் அங்கே அடுக்கியிருக்கும். வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பி, விண்ணப்பப் படிவம் கேட்டுக் கடிதம் போட்டால், பல வாரம் கழித்துத் தடித்த உறை ஒன்று வரும். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும் நேரம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அண்ணன் மகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. படுக்கையில் சாய்ந்தபடியே உலகத்தின் எந்த ஆய்வகத்தின் பக்கத்தையும் அவள் திறக்கிறாள். அவளுக்கு வேறு பாடு. "எல்லாத்தையும் படிச்சிட்டேன் அத்தை, எதை நம்புறதுன்னுதான் தெரியல" என்றாள். ஒரு கன்சல்டன்சி அவளிடம் பெரிய தொகை கேட்டது. அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் பிஎச்.டி. சேர்கிறவருக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடி. கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை பார்ப்பதற்கு உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பிக்கும் வழி துறையின் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இதற்கு இடைத்தரகர் எதற்கு? நிதியில்லாத பிஎச்.டி. இடத்துக்கு வீட்டை அடமானம் வைத்துப் போகாதே என்று எந்தப் பிள்ளைக்கும் நான் அடித்துச் சொல்வேன்.

ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு அன்று ஒரு மலை. மொழி, கணிதம், பகுப்பாய்வு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 800, ஆக மொத்தம் 2400. பாரன்ஸ் புத்தகத்தைப் புதுமண்டபத்தில் பழைய புத்தக விலைக்கு வாங்கினேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் சொற்களை எழுதி, பஸ்ஸிலும் அடுப்படியிலும் உருப்போட்டேன். 2020-க்குப் பிறகு பல துறைகள் அந்தத் தேர்வையே கேட்பதில்லை. கேட்கிற இடங்களுக்கும், 2023 செப்டம்பர் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற தேர்வாக அது சுருங்கிவிட்டது. இது நல்ல மாற்றம். ஒரு பெண்ணின் ஆய்வுத் திறனுக்கும் அவள் உருப்போட்ட ஆங்கிலச் சொற்களுக்கும் பெரிய சம்பந்தம் இருந்ததாக நான் பார்த்ததில்லை.

பணத்தின் கதை வேறு. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாய் சொச்சமாக இருந்த டாலர் சில நாட்களில் 26-ஐ ஒட்டி வந்து நின்றது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றி, தங்கத்தை அடகு வைத்த ஆண்டு அது. ஐம்பது டாலர் விண்ணப்பக் கட்டணம் என்றால் 1,300 ரூபாய். அதை டாலர் டிராஃப்டாக எடுக்க வங்கியில் படிவத்துக்கு மேல் படிவம். அதனால் எங்களில் பலர், "கட்டணத்தை இப்போது தள்ளி வையுங்கள், இடம் கிடைத்தால் வந்து கட்டுகிறோம்" என்று கடிதம் எழுதினோம். மனிதத்தன்மையோடு பதில் போட்ட துறைகளும் இருந்தன. இன்று கார்டைத் தேய்த்தால் முடிந்தது. ஆனாலும் ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்க்கிற வீடுகள் தேனியிலும் ராமநாதபுரத்திலும் இன்னும் இருக்கின்றன. கட்டண விலக்கு கேட்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950-களிலிருந்தே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. இவற்றின் பெயரையே கேள்விப்படாத முதுகலை மாணவர்களை இப்போது நான் பாடம் நடத்தும் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

பரிந்துரைக் கடிதம் அன்றும் இன்றும் கண்டம்தான். அன்று லெட்டர்ஹெட்டில் டைப் செய்து, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும். இன்று பேராசிரியருக்கு ஒரு இணைப்பு போகிறது. அது கல்லூரியின் மின்னஞ்சல் முகவரிக்குத்தான் போக வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனை வைக்கின்றன. நம் மாவட்டக் கல்லூரிகளில் அப்படியொரு முகவரியே இல்லாத ஆசிரியர்கள் நிறைய. இருபது ஆண்டு நன்றாகப் பாடம் நடத்தியவரின் வார்த்தை, ஜிமெயிலிலிருந்து வந்த காரணத்தால் எடை குறைந்து போகிறது. பாதிக்கப்படுவது மாணவி.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். "ஒரு கல்யாணத்தப் பண்ணி அனுப்பிவிடுங்கப்பா" என்றார் அப்பத்தா. "படிச்சு முடிக்கட்டும்மா" என்று அப்பா ஒரே வரியில் முடித்தார். அந்த ஒரு வரி இல்லாமல் நான் போயிருக்க முடியாது. என்னோடு படித்த, என்னைவிட நன்றாகப் படித்த சில பெண்களுக்கு அந்த வரி கிடைக்கவில்லை. என் அண்ணன் தன் மகளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. அறை எங்கே, ஆய்வகத்திலிருந்து இரவில் எப்படித் திரும்புவாள் என்றுதான் கேட்டார். முப்பது ஆண்டுகளில் எங்கள் குடும்பம் கடந்த தூரம் இது. எல்லாக் குடும்பமும் கடந்துவிடவில்லை.

விசாவுக்கு அன்று விடிவதற்கு முன்பே துணைத் தூதரகத்தின் வெளியே நடைபாதையில் வரிசையில் நின்றோம். இன்று வரிசை இணையத்தில். 2025-இல் அமெரிக்காவுக்கு விசாக் கட்டணம் 185 டாலர். அது போக வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் செவிஸ் அமைப்புக்கு 350 டாலர். 2025 மே 27 அன்று மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தியது. ஜூன் 18 அன்று மறுபடி தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னது. ஆய்வு நிதி வெட்டப்பட்டதால் அந்த ஆண்டு சில துறைகள் பிஎச்.டி. சேர்க்கையையே குறைத்தன. எங்கள் பெண் விண்ணப்பித்த ஒரு துறையும் அதில் சேர்த்தி. அவள் ஜெர்மனி பக்கம் திரும்பினாள்.

அங்கே பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். உயிரியலில் அது பல இடங்களில் 65 சதவீத வேலை என்று எழுதப்பட்டிருக்கும். ஆய்வு என்னவோ முழு நேரம்தான். சொந்தப் பணத்தில் படிக்கப் போகிறவர்கள் 2025 கணக்குப்படி ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். போதிய சம்பள ஒப்பந்தம் இருந்தால் அது வேண்டியதில்லை. இந்தக் கணக்கையெல்லாம் அவளும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம்.

இனி இரண்டாவது தயாரிப்பு.

எங்கள் துறை நூலகத்துக்குக் 'கரண்ட் கன்டென்ட்ஸ்' என்ற வார இதழ் வரும். உலகத்தின் ஆய்விதழ்களுடைய பொருளடக்கப் பக்கங்களைத் தொகுத்து, கட்டுரையாளர்களின் முகவரிகளோடு வெளியிட்ட இதழ் அது. இதழ்களை வாங்க எங்களுக்குப் பணம் இல்லை. தலைப்பைப் பார்த்து, ரீப்ரின்ட் கேட்கும் அட்டையை நிரப்பி, விமானத் தபால் தலை ஒட்டிப் போடுவோம். முகம் தெரியாத மனிதர்கள் தங்கள் கட்டுரையின் அச்சுப்படியை மதுரைக்கு இலவசமாக அனுப்பி வைப்பார்கள். அப்படி வந்த ஒன்றில், தண்ணீர் குறைந்தால் இலைத்துளைகள் எப்படி மூடுகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய செடிகள் வளர்ந்தது குளிர்ந்த அறையில். நானோ கம்பு நாற்றுகளை மதுரை வெயிலில் வளர்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றிய செடியிலும் உச்சிவேளையில் துளைகள் மூடின. மண் காய்ந்ததால் மூடுவதையும் காற்று காய்ந்ததால் மூடுவதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு பக்கத்துக்குப் பதிலும், கூடவே வேறு சில கட்டுரைகளும் வந்தன. பிறகு அவரிடம்தான் பிஎச்.டி. படித்தேன். கல்யாணப் பத்திரிகையில் எழுதி உருப்போட்ட சொற்கள் மறந்துவிட்டன. அந்தக் கேள்வி இன்றும் என்னோடு வேலை செய்கிறது.

அண்ணன் மகள் முதலில் பேராசிரியர்களுக்கு எழுதிய மின்னஞ்சல்களில் "உங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது" என்று இருந்தது. யாரிடமிருந்தும் பதில் இல்லை. அதே வாக்கியத்தோடு நாள்தோறும் கடிதங்கள் அவர்களுக்கு வந்து குவிகின்றன. இப்போது இயந்திரமே எழுதித் தருவதால் எல்லாமே பிழையில்லாமல், எல்லாமே ஒன்றுபோல. "அவங்க வரைஞ்ச படம் ஒண்ணை எடுத்துக்கோ. அதுல உனக்குப் புரியாததைக் கேளு" என்றேன். பயோ-ஆர்கைவ் தளத்தில் ஒரு முன்பதிப்புக் கட்டுரையைப் படித்தாள். அதன் தரவுகள் பொதுவில் கிடந்தன. தரவிறக்கி, தானே வரைபடம் போட்டு, இரண்டு ரகங்கள் மட்டும் ஏன் விலகிப் போகின்றன என்று கேட்டு எழுதினாள். பதில் வந்தது. அடுத்து ஜூமில் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு விமானத் தபால் தலை வாங்கித் தந்த வாய்ப்பு, அவளுக்குச் சில மெகாபைட்டில் கிடைத்தது.

அவளுக்கு என்னைவிட ஒரு பெரிய வசதி இருந்தது: சேருவதற்கு முன்பே அந்த ஆய்வகத்தின் மாணவர்களோடு, வழிகாட்டி இல்லாமல் தனியாகப் பேச முடிந்தது. எங்கள் காலத்தில் ஐ.எஸ்.டி. பூத்தில் ஒரு நிமிடம் பேசவே மனம் வராது. என்ன கேட்க வேண்டும் என்று இருவரும் எழுதி வைத்தோம். இங்கே பட்டம் வாங்க எத்தனை ஆண்டு ஆகிறது? பாதியில் விட்டுப் போனவர் உண்டா, ஏன்? வாங்கிப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு? வாடகை போக எவ்வளவு மிஞ்சும்? உடம்பு சரியில்லாமல் போனால் வழிகாட்டி என்ன சொல்வார்? அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உயிரியல் துறைகள் பலவற்றில் முதலாண்டு ஆய்வகங்கள் சிலவற்றில் மாறி மாறி வேலை பார்த்த பிறகே வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். நிதியுதவியோடு வரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லத் தேவையில்லை என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவசரப்படுத்துகிறார்களே என்று பயந்து, பேசிப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம். மோசமான ஊரில் நல்ல வழிகாட்டியிடம் நிம்மதியாகப் படித்தவர்களை அறிவேன். புகழ்பெற்ற பெயருக்காகப் போய், பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல் வாடியவர்களையும் அறிவேன்.

நம் கல்லூரிகள் இந்த இரண்டாவது தயாரிப்பைக் கையில் எடுக்க வேண்டும். முதுகலை முதல் பருவத்திலிருந்தே வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையை மாணவர்களும் ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும். ஒவ்வொரு மாணவரும் அதை எழுதியவருக்கு அனுப்பத்தக்க ஒரு கேள்வியோடு எழுந்து போகட்டும். ஒவ்வொரு ஆசிரியருக்கும் கல்லூரி ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுக்கட்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம், அரசாணை வேண்டாம். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் தொடங்கிவிட்டோம். வெளிநாடு போகிறவர்கள் மட்டும் அதில் வந்து உட்காருவதில்லை. ஊரிலேயே இருந்து ஆய்வு செய்ய நினைக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுடைய கேள்விகளும் கூர்மையாகத்தான் இருக்கின்றன.