ஐம்பது மீட்டர் ஒழுக்கம்

நான் கல்லூரியில் சேர்ந்த 1978இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது. பட்டத்தோடு வெளியே வந்த 1981இல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்துவிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது என்று நண்பர்களிடம் இன்றுவரை சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன். எப்படியோ, மூன்றாண்டுப் படிப்பை முழு வறட்சியில் முடித்த கடைசி செட் நாங்கள்தான்.

அந்த வறட்சி அரசிதழில் மட்டும் கறாராக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர், அதில் எங்கள் கல்லூரி, அதன் பின்னால் விடுதி. ஊரில் கடை இல்லையே தவிர ஆசைக்குக் குறைவில்லை. நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் கிடைக்கும். அது ஊறும்போதே அதில் கொஞ்சம் ஆல்கஹால் தானாக உண்டாகிவிடும்; மருந்து என்பதால் மதுவிலக்கு அதைத் தொடாது. ஆகவே செமஸ்டர் முடியும் வாரத்தில் எங்கள் விடுதியில் பாதிப் பேருக்கு அஜீரணம் வந்துவிடும். மெஸ் மாஸ்டர் தன் சமையலைத்தான் குறை சொல்கிறார்கள் என்று நினைத்து ரசத்தில் மிளகைக் கூட்டினார்.

அரிஷ்டம் போதாதவர்களுக்குக் கேரளம் இருந்தது. குமுளிக்கு பஸ் ஏறினால் எல்லை தாண்டியதும் கடை. தேக்கடியில் யானை பார்க்கப் போகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் விடுதி மாணவர்களைப் போல வனவிலங்குகளை நேசித்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது சிலருக்கு பஸ்ஸுக்குள்ளேயே யானை தெரிந்ததாகக் கேள்வி.

இவர்களிடமிருந்து வளாகத்தைக் காப்பாற்ற நிர்வாகத்திடம் இருந்த ஒரே கருவி வார்டனின் மூக்கு. இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிறவனை "ஊதுடா" என்பார். மணத்தை மறைக்கக் கொய்யா இலையை மென்றுகொண்டு வருவது விடுதியின் பரம்பரை வித்தை. அதில் ஒரு சிக்கல், வார்டன் தாவரவியல் பேராசிரியர்.

"கொய்யா இலையாடா?"

"ஆமா சார், பல்வலி."

"இது நம்ம ஊர் நாட்டுக் கொய்யா இல்லையே. குமுளிப் பக்கம் பல்வலிக்கு நல்ல வைத்தியம் உண்டோ?"

மாட்டியவனுக்கு ஐந்து ரூபாய் அபராதம், அப்பாவுக்கு ஒரு போஸ்ட் கார்டு. ஐந்து ரூபாயைக் கட்டிவிடலாம். போஸ்ட் கார்டு ஊருக்குள் வந்தால் தபால்காரர் தொடங்கி டீக்கடை வரைக்கும் படித்த பிறகுதான் அப்பா கைக்குப் போகும்.

கஞ்சா வேறு கதை. கம்பம் பக்கத்து மலைகளில் அது விளைகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த மண்டபத்தில் சாமியார்கள் தங்குவார்கள்; தத்துவ விசாரம் செய்ய எங்கள் சீனியர்களில் சிலர் அங்கே போவார்கள். அவர்களில் ஒருவர் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். நன்றாகப் படிக்கிறவர், கொஞ்ச நாளாக மெஸ்ஸுக்கே வருவதில்லை. அதை முதலில் கவனித்தவர் மெஸ் மாஸ்டர். அவர் கவலையோடு வார்டனிடம் சொல்ல, வார்டன் முதல்வரிடம் சொல்ல, முதல்வர் அன்று மாலையே கல்லூரியைப் போதையிலிருந்து மீட்டார். அதாவது, கோல்கீப்பருக்கு டி.சி. கொடுத்தார்.

அந்த டி.சி.யில் ஒரு நுட்பம் உண்டு. நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தது. மோசம் என்று எழுதினால் வேறு கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். பையன் வாழ்க்கை வீணாகிவிடும் என்ற நல்லெண்ணம். மறு வருஷம் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நாங்கள் ஹாக்கி ஆடியபோது, எதிரணிக் கோல் கம்பத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. எங்கள் வளாகம் சுத்தம். அந்த வளாகத்தைப் பற்றி எங்களுக்கென்ன?

பிறகு நாடு வேகமாக முன்னேறியது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. தொடக்கத்தில் மொத்த வியாபாரம் மட்டும். 1985இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. முன்பு குடிப்பவனைப் பிடிக்க அரசு ஆள் வைத்திருந்தது; இப்போது அவனுக்குப் பாட்டில் எடுத்துக் கொடுக்கவும், பிறகு பிடிக்கவும் தனித்தனியாக ஆள் வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு என்று பார்த்தால் வளர்ச்சிதான். 2023-24இல் மது விற்பனையால் மாநிலத்துக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நானும் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவரைச் சும்மா விடக்கூடாது என்பதால், எங்கள் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று தன் போதை எதிர்ப்பு மன்றத்தில் என்னை வெளி உறுப்பினராக்கியது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு போதைப் பொருள் இல்லாத தமிழ்நாடு என்ற இயக்கத்தைத் தொடங்கி, மாணவர்களை உறுதிமொழி எடுக்கவைத்த பிறகு, இத்தகைய மன்றங்களுக்கு மவுசு கூடியிருக்கிறது.

மன்றத்தின் முதல் வேலை அளப்பது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். நூறு கஜம் என்றால் 91 மீட்டருக்குச் சற்று அதிகம். மதுக்கடைக்குத் தமிழ்நாட்டு விதி வேறு: நகராட்சி, மாநகராட்சிகளில் கல்லூரியிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருந்தால் போதும், மற்ற இடங்களில் 100 மீட்டர். எங்களுடையது நகராட்சி. ஆக, பீடி 91 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும், பிராந்தி 50 மீட்டர் தாண்டினால் உட்கார்ந்தே வியாபாரம் செய்யலாம்.

டேப் பிடித்தோம். வாசலிலிருந்து எண்பது மீட்டரில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு பாட்டி சட்டத்தை மீறியிருந்தார். அறுபது மீட்டரில் இருந்த டாஸ்மாக் கடை சட்டத்தை மதித்து நடந்தது. "அந்தக் கடையத் தாண்டி வந்து என் கடைக்கு டேப்புப் பிடிக்கிறீகளே சாமி" என்று பாட்டி கேட்டார். கணிதத் துறைத் தலைவர் உடன் இருந்தார். அவராலும் விடை சொல்ல முடியவில்லை. பாட்டி பீடிக் கட்டுகளை எடுத்துவிட்டு கடலை மிட்டாயோடு நிறுத்திக்கொண்டார். மன்றத்தின் முதல் வெற்றியாக அது பதிவாயிற்று.

இரண்டாவது வேலை பேரணி. ஜூன் 26 போதைப் பொருள் ஒழிப்பு தினம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வெள்ளைச் சட்டையில், பதாகையோடு. பேரணி பதினொன்றரைக்குள் முடிந்துவிட வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் கறாராகச் சொன்னார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். "இல்ல சார், பன்னெண்டு மணிக்குக் கடை திறந்துருவாங்க. ரோட்டுல கூட்டம் சேர்ந்துரும், நம்ம பிள்ளைங்க வர முடியாது" என்றார். போதைக்கு எதிரான பேரணி போதைக்கு வழிவிட்டு நடக்க வேண்டியிருக்கிறது.

பேரணியைப் படம் பிடித்தார்கள். உறுதிமொழியைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் கீழே பதிந்திருக்க வேண்டும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வந்தால் கேட்கும். எங்கள் வார்டன் காலத்தில் மாணவன் எங்கே இருந்தான் என்பதற்குத்தான் சாட்சி தேடுவார்கள். இப்போது கல்லூரி எங்கே இருந்தது என்பதற்கே சாட்சி தேவைப்படுகிறது.

கருவிகளும் மாறிவிட்டன. வாசலில் கேமரா, வராந்தாவில் கேமரா, வாய் மோப்பத்துக்குப் பதில் ஊதிப் பார்க்கும் மிஷின். ஆனால் சரக்கும் மாறிவிட்டது. வலி மாத்திரைக்கு வாடை கிடையாது. உதட்டுக்குள் அதக்கும் புகையிலைப் பொட்டலம் புகைவதும் இல்லை, துப்ப வேண்டியதும் இல்லை. நாக்கில் வைக்கும் ஸ்டாம்ப் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்கும். எதற்கும் மண்டபத்துக்கு நடக்க வேண்டாம், குமுளி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். செல்போனில் சொன்னால் பைக்கில் வருகிறது. கேமரா அந்த பைக்கைப் படம் பிடிக்கிறது, சோறு கொண்டுவரும் பைக்குகளையும் அதே அக்கறையோடு பிடிக்கிறது. கொய்யா மரங்களுக்கு மட்டும் நிம்மதி.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் யோக்கியர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனவர்கள் என்று மேடையில் பேசும் என் வயதுக்காரர்களைக் கண்டால் எனக்குத் தேக்கடி யானைதான் நினைவுக்கு வருகிறது. சட்டம் மாறியது, சரக்கு மாறியது, மூக்கின் இடத்துக்கு மிஷின் வந்தது. இந்த நாற்பது வருஷத்தில் மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று. அது மன்றத்தின் மூன்றாவது கூட்டத்தில் தெரிந்தது.

இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் பையில் கஞ்சாப் பொட்டலம், பத்து கிராம் இருக்கலாம். வகுப்புக்கு மூன்று வாரமாக ஒழுங்காக வரவில்லை என்பது வருகைப் பதிவுச் செயலியில் இருந்தது. செயலிக்கு மெஸ் மாஸ்டரைப் போலக் கவலைப்படத் தெரியாது. மன்றம் பத்து நிமிடத்தில் முடிவெடுத்தது: டி.சி. கொடுத்துவிடலாம், நடத்தை 'நன்று' என்றே போடலாம், பையன் வாழ்க்கை வீணாகக் கூடாது.

நான் போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றிச் சொன்னேன். போதைக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவோடு பிடிபட்டு வழக்கே வந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவரை வழக்கிலிருந்து விடுவிக்க அந்தப் பிரிவு வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் சலுகை பறிபோகலாம். கஞ்சாவில் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. இவனிடம் இருந்தது அதில் நூறில் ஒரு பங்கு. ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய சட்டமே ஆஸ்பத்திரிக்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கும்போது, கல்லூரி ஏன் கேட்டைத் திறக்க வேண்டும் என்று கேட்டேன்.

முதல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல விஷயம்தான் சார். ஆனா இது நாக்ல எந்தக் கிரைட்டீரியனில் வரும்?" என்றார்.

எதிலும் வராது. இருந்தாலும் தமிழ்த் துறை ஆசிரியை ஒருவர் அவன் அம்மாவிடம் பேசினார். மாவட்ட அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவன் இப்போது வகுப்புக்கு வருகிறான். அரியர் நிறைய இருக்கிறது. இதைப் படம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது என்பதால் மன்றத்தின் ஆண்டறிக்கையில் இது இல்லை. கடலை மிட்டாய் இருக்கிறது.

குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு என்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியது 1980இல். அப்போது நான் இரண்டாமாண்டு மாணவன். எங்கள் கோல்கீப்பர் பக்கத்து ஊரில் பந்து தடுத்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அளந்து பாருங்கள், பேரணி நடத்துங்கள், கேமராவும் வையுங்கள். ஆனால் 'நன்று' என்று எழுதி ஒரு பையனை அடுத்த கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன்னால், 14446 என்ற எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் அது, கட்டணம் கிடையாது.