கழற்றும் எளிமை: ஓட்டக் காலணிக்கு ஒரு நான்காம் அளவுகோல்

ஓட்டக் காலணிகளை எடைபோட உலகம் மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது: அடிப்பாகம் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, கணுக்கால் பிசகாமல் எவ்வளவு தாங்கிப் பிடிக்கிறது, எந்தத் தரைக்கு ஏற்றது. இம்மூன்றும் போதா, 'கழற்றும் எளிமை' என்ற நான்காவதையும் சேர்த்தாக வேண்டும், சேர்த்தால் ரப்பர் செருப்பே முதலிடம் பெறும் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் பழையசீவரம். வாலாஜாபாத்தை அடுத்து, செங்கல்பட்டுச் சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கும் இவ்வூரைத் தேர்ந்ததற்கு நீரியல் காரணமே உண்டு. எதிர்க்கரையான திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி என்ற மூன்று ஆறுகள் கூடுகின்றன. பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோலுக்கும் காலணிக்கும் பேர்போன ஊர்களைத் தொட்டு வருகிறது. அங்கே கலந்த தோல் கழிவுக்காக 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்றது. செய்யாற்றின் பெயரைத் தாங்கிய சிப்காட்டில் வெளிநாட்டு முத்திரையோடு விளையாட்டுக் காலணிகள் தயாராகின்றன. வேகவதியோ காஞ்சிபுரத்திலிருந்து வருகிறது. அந்நகரின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், திருவரங்கனின் பாதுகை ஒன்றைப் பற்றியே 1008 சுலோகங்கள் பாடியவர். மூலப்பொருள், உற்பத்தி, தத்துவம் மூன்றும் கலக்கும் இடத்தைவிடத் தகுதியான ஆய்வுக்களம் கிடைப்பது அரிது.

முதலில் தரை. காலணி நிறுவனங்கள் தார்ச்சாலைக்கு ஒன்று, கரடுமுரடான பாதைக்கு ஒன்று என்று பிரித்து விற்கின்றன. ஒரு மனிதன் ஓடும்போது தரை மாறாது என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. இங்கே அது செல்லாது. லாரிகள் சிந்திய ஜல்லி கிடக்கும் தார்ச்சாலையில் தொடங்குபவர், ஈர வரப்பு, ஆற்று மணல், பத்மகிரி மலையின் கற்படி என்று சிறிது நேரத்திற்குள் நான்கு தரைகளை மிதித்துவிடுகிறார். வரப்பில் தடித்த அடிப்பாகம் ஆபத்து. உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலை ஓட்டக் காலணிக்கு 40 மில்லிமீட்டர் தடிமன் வரை அனுமதித்தது. ஓரடி அகல வரப்பில் அந்த உயரத்தில் நின்று சாய்பவருக்குச் சேறுதான் மெத்தை. ஆற்றில் மணலே மெத்தென்று இருப்பதால் காசு கொடுத்து வாங்கிய மெத்து அங்கே உபரி. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து காட்டினர். வலைத்துணி ஷூவுக்குள் புகும் மணலையும் சுமந்து ஓடுவது அதற்கு மேல் தனிக் கணக்கு. கடைசியில் மலைமேல் நரசிம்மர் சன்னிதி. அங்கே எல்லாக் காலணிக்கும் மதிப்பெண் ஒன்றுதான்: பூஜ்யம். இரட்டை முடிச்சுப் போட்ட நாடாவோடு வாசலில் குனிந்து நிற்பவரைத் தாண்டி, ரப்பர் செருப்புக்காரர் நடையின் வேகம் குறையாமலே உள்ளே போய்விடுகிறார். திரும்பி வரும்போது விட்ட இடத்தில் விட்டது கிடக்குமா என்ற கவலையும் அவருக்குக் குறைவு. ஆக, தரை மாறும்தோறும் கழற்ற முடிவதே இங்கே தரைக்கேற்ற தன்மை.

மெத்து இல்லாவிட்டால் முழங்கால் என்னாவது என்பது முதல் மறுப்பு. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுவதால் குதிகாலில் விழும் அடி அவர்களுக்குக் குறைகிறது என்று டேனியல் லீபர்மன் குழு 2010இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் வென்றார். அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் ஷூ அணிந்து மூன்று நிமிடத்துக்கும் மேல் விரைவாக ஓடினாரே என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் டோக்கியோப் பாதையில் வரப்பும் இல்லை, வழியில் சன்னிதியும் இல்லை. தாங்குதலைப் பொறுத்தவரை, சுமையோடு நிலைகுலையாமல் செல்வதற்குச் சான்று வேண்டுமானால் பொங்கலை ஒட்டிய பார்வேட்டை விழாவைப் பார்க்கலாம். காஞ்சி வரதர் பத்மகிரிக்கு எழுந்தருளி, பிறகு திருமுக்கூடலுக்குப் போகிறார். அவரைச் சுமந்து மலையேறும் ஸ்ரீபாதம் தாங்கிகள் காலில் எதுவும் இல்லை.

இரண்டாம் மறுப்பு கூர்மையானது: சீமைக்கருவேல முள். ரப்பர் செருப்பை அது வெண்ணெயாய்த் துளைக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பழுதுபார்க்கும் வசதியையும் எடைபோட வேண்டும். ஒற்றைக் காலில் நின்று செருப்பைத் திருப்பி, முள்ளைப் பிடுங்கி, பிடிக்கு அகப்படாத முனையைக் கல்லில் தேய்த்துவிட்டு நடக்கலாம். வார் பிய்ந்தால் அதன் குமிழைத் துளை வழியே இழுத்து, அடியில் ஓர் ஊக்கைக் குறுக்கே மாட்டினால் இன்னொரு மாதம் ஓடும். ஷூவின் அடிப்பாகம் பிளந்தால் ஊக்கு உதவாது.

ரப்பர் செருப்போடு எவனாவது ஓட முடியுமா என்பது மூன்றாம் மறுப்பு. முடியாது, முடியவும் வேண்டியதில்லை. பழையசீவரம் நிலையத்தில் செங்கல்பட்டு ரயில் கிளம்பும் தறுவாயில் ஓடுபவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார். காலில் இருந்தவரை இடைஞ்சலாக இருந்தது, கைக்கு வந்ததும் வேகத்துக்கு வழிவிடுகிறது. ஓடும் நேரத்தில் இவ்வளவு எளிதாக விலகிக்கொள்வது ரப்பர் செருப்பு மட்டுமே. ஆகவே ஓட்டக் காலணி என்ற பெயருக்கு உரியதும் அதுவே.

தேசிகர் பாதுகையின் ஒலிக்கென்றே நூறு சுலோகங்கள் ஒதுக்கினார். நாடா கட்டுவதற்குத் தனிப் பகுதி ஒதுக்கவில்லை. மிதியடிக்கு நாடா கிடையாது. அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். நிறுவனங்கள் இனியாவது மெத்து, தாங்குதல், தரை என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் கழற்றும் நேரத்தை நொடிக்கணக்கில் அச்சிட வேண்டும். அதுவரை, முழங்கால் வலி உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன ஷூவையே போட்டுக்கொள்ளட்டும். தரிசன வரிசையில் முந்த முடியாமல் போனால் மட்டும் இக்கட்டுரையை நொந்துகொள்ளக் கூடாது.