வெறும் வாயை விழுங்கும் நாய்

கே: எதிரில் சாப்பாடே இல்லாமல் எங்கள் நாய் மடக் மடக்கென்று விழுங்குகிறது. டாக்டரிடம் ஓட வேண்டுமா? (வாசகி, திருச்சி)

ப: ஒன்றிரண்டு முறை என்றால் வேண்டாம். குமட்டினால் நாயும் நம்மைப் போல எச்சிலைக் கூட்டி விழுங்கும். மூக்கை நக்கும், புல்லைக் கடிக்கும், ஒரு வாய் மஞ்சள் நுரையைக் கக்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு சோற்றுத் தட்டைத் தேடி வந்துவிடும். விடாமல் விழுங்கி, கழுத்தை நீட்டி, எச்சில் நூலாக ஒழுகி, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் அன்றைக்கே போங்கள். மூச்சுத் திணறினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ போனாலோ அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

கே: ஞாயிற்றுக்கிழமை கறி எலும்பு போட்டோம். அன்றிலிருந்து இப்படித்தான். சோற்று உருண்டை கொடுத்தால் எலும்பு இறங்கிவிடாதா? (வாசகர், மதுரை)

ப: தயவுசெய்து கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடையும். நெஞ்சுக்கூட்டின் வாசலில், இதயத்தை ஒட்டி, அல்லது உதரவிதானத்துக்குச் சற்று முன்னால் போய்க் குத்தி நிற்கும். நாளாக ஆக உணவுக்குழாயில் புண்ணாகி ஓட்டையே விழலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சீக்கிரம் கொண்டுபோனால் பல நேரம் எண்டோஸ்கோப் விட்டே எடுத்துவிடுவார்கள். இனி எலும்பு வேண்டாம்.

கே: வாயைத் திறந்து நானே கையை விட்டு எடுத்துவிடலாமா? (வாசகர், சேலம்)

ப: கூடாது. ரேபிஸ் கண்ட நாய்க்கும் தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாமல் போகும். தாடை தொங்கும், எச்சில் வடியும், குரைப்பே மாறிவிடும். பார்ப்பவருக்கு எலும்பு சிக்கியது போலத்தான் இருக்கும். அந்த எச்சில் பட, விரலில் ஒரு சின்னக் கீறல் போதும். இந்நோயின் அறிகுறி மனிதருக்குத் தோன்றிவிட்டால் அநேகமாக மீட்பே இல்லை. அதனால்தான் இத்தனை கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏற்கெனவே கையை விட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள்.

கே: ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருக்கிறோம். வாந்தி எடுக்க முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. வயிறு உப்பியிருக்கிறது. (வாசகி, கோவை)

ப: படிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை எடுங்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

கே: தின்றது சற்று நேரத்தில் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. வாந்திதானே? (வாசகர், நாகர்கோவில்)

ப: வயிறு எக்கி எக்கி வந்தால் வாந்தி. எக்காமல், செரிக்காத சோறு குழாய் வடிவில் நழுவி விழுந்தால் கோளாறு உணவுக்குழாயில். குழாய் விரிந்து தளர்ந்திருக்கலாம். சாண வண்டைத் தின்னும் நாய்க்குக் குழாயில் கட்டி உண்டாக்கும் புழு ஒன்றும் நம் ஊரில் உண்டு. நாய் அப்படிச் செய்யும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரின் மேசையில் ஏற்றியதும் பல நாய்கள் ஒன்றுமே நடக்காதது போல நின்றுவிடும்.