பதினான்கு பல் கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் மலைப்பாதை பைக் ஒன்றின் உரிமையாளர், கிணத்துக்கடவு.
பெறுநர்: உயர்திரு உதிரிபாகப் பிரிவுத் தலைவர் அவர்கள், பெயர் சொல்ல விரும்பாத இருசக்கர வாகன நிறுவனம்.
பொருள்: பதினான்கு பற்கள் வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: தங்கள் ஸ்பேர்ஸ் கவுண்டருக்கு நான் நடந்த ஆறு நடை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் விளம்பரத்தில் ஒரு பைக் பனிமலை ஏறுகிறது, ஆற்றைக் கடக்கிறது, மணல்மேட்டில் பறக்கிறது. அதை நம்பிப் பணம் கட்டியவர்களில் அடியேனும் ஒருவன். எங்கள் பக்கம் பனிமலை கிடையாது. ஆழியாறு இருக்கிறது, அங்கிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தார் ரோட்டிலும் ஓடும், எஸ்டேட் மண் ரோட்டிலும் ஓடும் என்றீர்கள். ஓடியது. நான்கு வருடம், 31,000 கிலோமீட்டர், குறை சொல்ல முடியாது. வண்டி நல்ல வண்டி. என் வழக்கு வண்டியோடு இல்லை.

போன மாதம் ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை கீழே தட்டு மாதிரி தெரியுமே அந்த இடத்தில், இரண்டாவது கியரில் முறுக்கினேன். 'கடக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் உறுமியது, வண்டி யோசித்தது. மறுபடி 'கடக்'. பின்னால் உட்கார்ந்திருந்த மச்சினன், "மாமா, கியர்பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்பெழுதிவிட்டான். போனது கியர்பாக்ஸ் இல்லை ஐயா. முன் ஸ்ப்ராக்கெட்டின் பல். நிமிர்ந்து நிற்க வேண்டிய பற்கள் எல்லாம் சுறாமீனின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து கூர்த்துவிட்டன. செயின் பிடிமானமில்லாமல் மேலே ஏறித் தாண்டுகிறது. பின்னால் இருப்பது 42 பல், முன்னால் 14. பெரியவர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சின்னவர் மூன்று சுற்று சுற்றியாக வேண்டும். எந்த ஆபீஸிலும் நடப்பதுதான். சின்னவர் முதலில் தேய்ந்தார்.

உள்ளங்கையில் அடங்கும் சாமான். இஞ்சினின் மொத்த பலமும் அந்தப் பதினான்கு பல் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. அதைக் கேட்டுத்தான் தங்கள் கவுண்டருக்கு வந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் மரியாதையானவர். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. பத்து விரலாலும் எனக்காகக் கம்ப்யூட்டரைத் தட்டினார். "பார்ட் நம்பர் மாறிடுச்சுங்க சார்" என்றார். புது நம்பரைப் போட்டார். "இது தனியா வராதுங்க, செட்டாத்தான் வரும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், மூணும் ஒரே பெட்டி." சரி, செட்டாகவே கொடுங்கள் என்றேன். செட்டாக மாற்றுவதுதான் முறை என்பது எனக்கும் தெரியும். தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் போட்டால், புதுப் பல்லையும் அது சீக்கிரமே தின்றுவிடும். "செட்டு ஸ்டாக் இல்லீங்க சார்." எப்போது வரும்? "ஆர்டர் போட்டா வருமுங்க." எவ்வளவு நாள்? அவர் பதில் சொல்லாமல் சுவரில் இருந்த தங்கள் போஸ்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பைக் இன்னும் பறந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நடையில் முன்பணம் கட்டினேன். மூன்றாம் நடையில் இது மெதுவாக விற்கும் அயிட்டம், அதனால் அதிகம் வைப்பதில்லை என்று அறிந்தேன். (இல்லாத பொருள் எப்படி வேகமாக விற்கும் என்று நான் கேட்கவில்லை.) நான்காம் நடையில் காபி கொடுத்தார்கள். ஐந்தாம் நடையில் ஒரு தம்பி, "சார், இதுக்குப் பதிலா புது மாடல் எடுத்துக்கலாமே, எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தர்றோம்" என்றார். பல் வலி என்று போனவனிடம் புதுத் தலை எடுத்துக்கொள்ளச் சொன்ன வைத்தியரை அன்றுதான் பார்த்தேன். ஆறாம் நடையில் காபியும் நின்றுவிட்டது.

உரிமையாளர் கையேட்டைப் புரட்டினேன். ஹாரன் அடிப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருக்கிறீர்கள். முன் ஸ்ப்ராக்கெட் பற்றி ஒரே வரி: அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும். ஆறு முறை அணுகிவிட்டேன் ஐயா. 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினமும் அதுவுமாக, ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை'க்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. செல்போன், வீட்டுச் சாமான், பண்ணைக் கருவி ஆகியவற்றோடு வாகனமும் அதில் உண்டு. ஆக உரிமை வந்துவிட்டது. ஸ்ப்ராக்கெட்தான் பாக்கி.

இதில் என் மனதை அறுப்பது ஒன்று உண்டு. நான் இருப்பது கோவைக்குப் பக்கத்தில். ரோலான் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பிறந்த ஊர் கோவை. பக்கத்துத் தெருவில் பல்செட் கட்டும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பொக்கைவாயோடு அலைகிறேன்.

கடைசியில் தேய்ந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உக்கடம் போனேன். ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடைப் பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். பில் கேட்கவில்லை, சேசிஸ் நம்பர் கேட்கவில்லை. "பல்லை எண்ணாதீங்க தம்பி, உள்ளே இருக்கிற வரியை எண்ணுங்க" என்றார். ஷாஃப்டில் கோத்து நிற்கும் அந்த உள்வரிகள்தான் சாதகப் பொருத்தமாம். வரி எத்தனை, துளை எவ்வளவு, கனம் எவ்வளவு. வெர்னியரை வைத்து மூன்றையும் அளந்தார். பிறகு உங்கள் செயின் 428ஆ, 520ஆ என்றார். 428 என்றேன். 428 என்றால் கண்ணிக்குக் கண்ணி அரை இஞ்ச், 12.7 மில்லிமீட்டர், 520 என்றால் 15.875. இது மாறிப்போனால் மற்றப் பொருத்தமெல்லாம் இருந்தும் கல்யாணம் நிற்காது. என் பழைய செயினை நீட்டிப் பிடித்து இருபது கண்ணி அளந்தார். 254 இருக்க வேண்டியது 259-ஐத் தாண்டியிருந்தது. "இதையும் போட்டுருங்க" என்று ஓரமாக வீசினார்.

பிறகு ஒரு தகர டப்பாவுக்குள் கையை விட்டு, வேறு ஏதோ வண்டிக்கான ஒன்றை எடுத்து, என்னுடையதன்மேல் வைத்தார். வரிக்கு வரி உட்கார்ந்தது. ஒரே வித்தியாசம், இதில் 13 பல். செயினோடு சேர்த்து அள்ளிக்கொண்டேன். பின் ஸ்ப்ராக்கெட் மட்டும் கிடைக்கவில்லை. நல்லவேளையாகப் பெரியவருக்குத் தேய்மானம் குறைவு. இன்னும் கொஞ்ச காலம் பணியில் நீடிப்பார்.

மாட்டியது எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன், பொள்ளாச்சி ரோட்டு டீக்கடைக்குப் பின்னால். நான்தான் ஆர்வக்கோளாறில் முன்பே கழற்றப் பார்த்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். உக்கடம் போவதற்கு முதல் நாள், செயினைக் கழற்றிவிட்டு ஸ்பேனரை நடு நட்டில் போட்டேன். முறுக்கினால் ஷாஃப்டும் கூடவே சுற்றியது. "ஏனுங்க, செயினைக் கழட்டிட்டா அது எதைப் பிடிச்சுட்டு நிக்கும்?" என்று மறுபடி செயினை மாட்டவைத்தார். வண்டி முதல் கியரில். பின் பிரேக்கின்மேல் என் முழு உடம்பு. மடித்துவிட்ட லாக் வாஷரின் காதை உளியால் தட்டி நிமிர்த்தினார். ஸ்பேனருக்கு ஒரு பைப் சொருகி, அதன்மேல் ஏறி நின்றார். நட்டு முனகியது, அப்புறம் அவிழ்ந்தது. ஸ்ப்ராக்கெட் கவருக்குள் இருந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்: கருப்பட்டிப் பாகு பதத்தில் செயின் ஆயில், வால்பாறைச் செம்மண், நடுவில் முழுசாக ஒரு தேயிலை. டீசல் ஊற்றிக் கழுவவே அரை மணி நேரம்.

புதியதை மாட்டும்போது மேடான பக்கம் உள்ளே போக வேண்டும், திருப்பிப் போட்டால் செயின் கோட்டை விட்டு விலகும் என்று பழையதைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். லாக் வாஷர் புதிது. செயின் லாக்கின் மூடிய முனை ஓடும் திசையைப் பார்த்தபடி. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உயரமான சஸ்பென்ஷன் வண்டிக்குச் செயினை நிறுத்திவைத்த நிலையில் இறுக்கக் கூடாது. குழியில் இறங்கி, முன் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் அச்சும் பின்னச்சும் ஒரே கோட்டில் வரும் நொடியில்தான் செயின் அதிகம் இழுபடும். அந்த நொடியை வரவழைக்க டீ மாஸ்டரையும் டீ குடிக்க வந்த வாழைக்காய் வியாபாரியையும் சீட்டில் ஏற்றினார். எண்பதும் தொண்ணூறும் சேர்ந்து நூற்று எழுபது கிலோ. வண்டி அமுங்கியது, அண்ணன் தரையில் படுத்துச் செயினை விரலால் தூக்கிப் பார்த்துச் சரி என்றார். ஆராய்ச்சிக்கூடம் வைத்து நடத்துகிறீர்களே ஐயா, இதற்கு நீங்கள் யாரை உட்கார வைப்பீர்கள்?

இப்போது வண்டி ஏற்றத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுகிறது. முன்னால் ஒரு பல் குறைத்தால் பின்னால் மூன்று பல் கூட்டியதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதற்கான கூலியைச் சமவெளியில் கொடுக்கிறேன்: முன்பு 5,000 சுற்றில் போன வேகத்துக்கு இப்போது 5,400 பக்கம் சுற்றுகிறது, பொள்ளாச்சி ரோட்டில் இஞ்சின் கத்திக்கொண்டே வருகிறது. பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். பல் போனது என் வண்டிக்கு. சொல் போனது எந்தப் பக்கம் என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

இதை எழுதி உறையில் இடும் நேரத்தில் தங்கள் கவுண்டரிலிருந்து அழைப்பு வந்தது. என் ஆர்டர் வந்துவிட்டதாம். ஏழு நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மூன்றும் ஒரே பெட்டிதானே என்று உறுதி செய்துகொண்டேன். "செயினும் பின் ஸ்ப்ராக்கெட்டும் வந்திருக்குதுங்க சார். முன் ஸ்ப்ராக்கெட் மட்டும் தனியா வருமுங்க."

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: தேய்ந்த முன் ஸ்ப்ராக்கெட் ஒன்று, பற்கள் 14. துணியில் சுற்றியிருக்கிறேன், கூராக இருக்கிறது, பிரிக்கும்போது கை ஜாக்கிரதை.