கடையில் மின்வாசிப்பான் பார்ப்பது எப்படி?

பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மின்வாசிப்பானைக் கண்டுபிடிப்பதே முதல் பரீட்சை. டிவி வரிசையும் போன் மேசைகளும் தாண்டி, ஹெட்போனுக்கும் பவர் பேங்குக்கும் நடுவில், தபால் ஆபீஸ் பேனா மாதிரி கம்பியில் கட்டப்பட்டு ஒன்று சாம்பல் நிறத்தில் படுத்திருக்கும். சுற்றியுள்ளதெல்லாம் பளபளக்கும்போது இது மட்டும் சும்மா கிடப்பதால், ரிப்பேரான டேப்லெட் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட வாய்ப்பு உண்டு. போகாதீர்கள். எடுங்கள்.

எடுத்ததும், திரைமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் உரிக்கப் பாருங்கள். கூச்சம் வேண்டாம், நிறையப் பேர் செய்வதுதான். "சார், அது ஸ்டிக்கர் இல்லை, ஸ்கிரீனே அதுதான்" என்று விற்பனைப் பையன் ஓடி வருவான். "தெரியும் தம்பி, சும்மா பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, கையோடு விளக்கத்தையும் எடுத்து விடுங்கள். உள்ளே தலைமுடிப் பருமனில் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் நேர்மின்னூட்டம் உள்ள வெள்ளைத் துகள்களும் எதிர்மின்னூட்டம் உள்ள கறுப்புத் துகள்களும் தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தது வந்தபடி நிற்கும், நிற்பதற்குக் கரண்ட் வேண்டாம். அணைத்து வைத்தாலும் படம் போகாமல் அச்சடித்தது போலத் தெரிவது அதனால்தான். எம்.ஐ.டி. மீடியா லேபில் முளைத்து 1997-ல் இ-இங்க் என்று தனி நிறுவனமான சமாச்சாரம் என்றும் சேர்த்துக்கொண்டால், பையன் அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் விளக்க வரமாட்டான். கடையில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

இனி தொடலாம். திரையில் ஒரு தட்டு. ஒன்றும் நடக்காது. இந்த இடத்தில் காத்திருப்பது கத்துக்குட்டிகள் வேலை. விவரம் தெரிந்தவர் உடனே இன்னும் அழுத்தமாக இன்னொரு தட்டு தட்டுவார். அதற்குள் முதல் தட்டுக்கான பக்கம் புரண்டிருக்கும், இரண்டாவதற்கும் ஒரு பக்கம் புரளும். பன்னிரண்டில் இருந்தவர் பதினான்கில் நிற்பார். திரும்பி வர இடது ஓரத்தைத் தட்டவேண்டும். அங்கேயும் அதே அவசரத்தோடு இரண்டு தட்டு தட்டினால் சரியாகப் பன்னிரண்டுக்கே வந்துவிடலாம், கணக்கு தப்பாது. இரண்டு விரலை வைத்து விரித்தால் எழுத்து பெரிதாகும், ஆனால் போனில் போல விரலோடு கூடவே வராது. நீங்கள் விரலை எடுத்து, உதட்டைப் பிதுக்கி, பையனைத் திரும்பிப் பார்க்கும்போது பெரிதாகும்.

நடுவே திரை முழுக்க ஒரு கணம் கறுத்து மீளும். "நான் ஒண்ணும் பண்ணலை" என்று உடனே கீழே வைத்துவிடுங்கள். பழைய பக்கத்தின் சாயல் தங்கிவிடாமல் துகள்களை ஒருமுறை மொத்தமாகப் புரட்டிப் போடுகிற வேலை அது. அதைச் செய்யாவிட்டால் புதுப் பக்கத்துக்கு அடியில் முந்தைய பத்தி ஆவியாகத் தெரியும். வீட்டில் நாலைந்து அத்தியாயம் போனால் இந்தக் கறுப்பு கண்ணில் படுவதே நின்றுவிடும். ஆனால் நீங்கள் இருப்பது கடையில். அங்கே தீர்ப்புச் சொல்ல இரண்டு நிமிடம்தான், ஆகவே இதை வைத்தே சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தத் தொடுதிரை வாசகருக்காக வந்ததே அல்ல, கடைக்காக வந்தது. 2004-ல் ஜப்பானில் சோனி விற்ற லிப்ரியேவிலும் சரி, 2007-ல் வந்த முதல் கிண்டிலிலும் சரி, பக்கம் புரட்டப் பொத்தான்தான். அப்புறம் போன்களெல்லாம் தொடுதிரையாயின. கடைக்கு வருகிறவர் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திரையைத்தான் குத்துகிறார். குத்தினால் பதில் சொல்லாத சாதனம் கெட்டுப்போனதாகத்தானே படும்? சோனி முந்திக்கொண்டு தொடுவதற்கென்று திரைமேல் ஒரு படலம் போட்டது. 2009-ல் வந்த பி.ஆர்.எஸ்.-600-ல் எழுத்து மங்கி, தலைக்கு மேலே எரிகிற விளக்குதான் தெளிவாகத் தெரிந்தது. மறு ஆண்டு படலத்தை எடுத்துவிட்டு, சட்டத்தின் ஓரங்களில் அகச்சிவப்புக் கதிர்களை ஓடவிட்டு, விரல் எங்கே மறிக்கிறது என்று பார்க்கும் முறைக்கு மாறினார்கள். 2011-ல் கோபோ, நூக், கிண்டில் மூன்றும் அதே வழிக்கு வந்தன. அந்த முறைக்கு விரல்தான் வேண்டும் என்றில்லை, பென்சில் முனை போதும், முழுக்கைச் சட்டையின் நுனியும் போதும். 2012-ல் கிண்டில் பேப்பர்வொயிட் வந்து, போன்களில் இருக்கும் முறைக்கு மாறிய பிறகுதான் முழுக்கைச் சட்டைக்காரர்கள் நிம்மதியாகப் படித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பல மாடல்களில் பொத்தான் போய்விட்டது. ஒரு கையில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் படிக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்: கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருக்கும், கொஞ்சம் அழுத்தினால் போதும். அமேசான் 2016-ல் ஓயாசிஸ் மாடலில் பொத்தானைத் திரும்பக் கொண்டுவந்தது, அதுவும் விலை அதிகமான மாடலில் மட்டும். 2024-ல் அதையும் நிறுத்திவிட்டது. இதைப் பையனிடம் சொல்லிப் புலம்பாதீர்கள், அவனுக்குப் பொத்தான் வைத்த போனே நினைவிருக்காது.

அடுத்து, "தமிழ் வருமா?" கணீரென்று கேளுங்கள். "எல்லாம் வரும் சார்" என்பான். காட்டச் சொன்னால் வராது. டெமோ பீஸில் இருப்பது பயனர் கையேடும் ஓர் ஆங்கில நாவலின் முதல் அத்தியாயமும்தான், வைஃபை பாஸ்வேர்டு மேனேஜருக்குத்தான் தெரியும், மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். அவன் சொல்வது பொய்யில்லை. கிண்டில் கடையில் 2016 கடைசியிலிருந்து தமிழ் நூல்கள் விற்பனையில் இருக்கின்றன. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஆறங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் போட்டு வைத்த அக்கறையான ஆட்களும் இருக்கிறார்கள். யாரும் கடையில் சொல்லாத விஷயம் வேறொன்று. நம் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். இரு ஓரமும் சமமாக நிற்கவேண்டும் என்று இயந்திரம் அடம்பிடிப்பதால், அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆட்டோ போகலாம். வாங்குவதற்கு முன் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான். கடையில் இதைப் பார்க்கவே முடியாது.

பேட்டரி பற்றிக் கேட்டால் "ஆறு வாரம் சார்" என்பான். பெட்டியில் பொடி எழுத்தைப் படியுங்கள். தினம் அரை மணி நேரம், வைஃபை அணைத்து, விளக்கைக் குறைத்து வைத்துப் படித்தால் ஆறு வாரம். பெருக்கிப் பார்த்தால் 21 மணி நேரம். மோசமில்லை. ஆனால் ராத்திரி மூன்று மணி வரை விடாமல் படிக்கிற ஜாதி என்றால் ஒரே வாரத்தில் சார்ஜர் தேடுவீர்கள்.

இதற்குள் நாலு பேர் கூடியிருப்பார்கள். கலர் இல்லையா என்பார் ஒருவர், யூடியூப் வருமா என்பார் இன்னொருவர், இந்த விலைக்கு டேப்லெட்டே வாங்கிடலாமே என்று ஒரு பெரியவர் உங்கள் மேலுள்ள அக்கறையில் சொல்வார். புத்தக வாசனை வருமா என்று கேட்க ஒருவர் கட்டாயம் இருப்பார், அவர் கடைசியாக எதை மோந்தார் என்று விசாரிக்கவேண்டாம். எல்லோரிடமும் தலையாட்டிவிட்டு, "தம்பி, உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்குமா?" என்று கேளுங்கள். அந்தப் பகுதியில் இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி என்பதால் கொஞ்சம் தேடித்தான் கொண்டுவருவான். கம்பி எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து, அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். கொஞ்ச நேரத்தில் அவன் வந்து, "எடுத்துக்கலாமா சார்?" என்பான். "இரு தம்பி, இந்த அத்தியாயம் முடியட்டும்" என்று வாயில் வந்தால் விலை கேளுங்கள். வராவிட்டால், ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மிக்ஸி பகுதி வழியாக வெளியேறுங்கள், அங்கே நிச்சயம் ஏதாவது ஆஃபர் இருக்கும்.