சாவி யார் கையில்?

கேள்வி: பேரன் காலம் வரை நிற்கிற மாதிரி ஒரு கைக்கடிகாரம் வாங்க ஆசை. எதை வாங்கலாம்?
– வாசகர், தென்காசி

பதில்: சாவி கொடுக்கும் கடிகாரமே வாங்குங்கள். பேட்டரிக் கடிகாரத்தில் சர்க்யூட் போனால் அதே சர்க்யூட் கிடைக்க வேண்டும்; பல்சக்கரம் தேய்ந்தால் கைதேர்ந்தவர் செய்தே போட்டுவிடுவார்.

வசதியிருந்தால் ஒமேகா. என் ஓட்டு எச்.எம்.டி. ஜனதாவுக்கு! 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய நிறுவனம். 2016இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஜனதா இன்னும் ஓடுகிறது. பழையது வாங்கும்போது டயல் புதுப் பெயின்டில் மின்னினால் வேண்டாம்.

ஆடிச் சாரலில் குற்றாலம் போனால் கடிகாரத்தை வீட்டில் விட்டுப் போங்கள். ஐந்தருவியில் நனைய வேண்டியது தலைதான். உள்ளே ஈரம் இறங்கினால் எஃகு துருப்பிடிக்கும். தினமும் சாவி கொடுக்கும் வேலையைப் பேரனிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள்.