மூன்று நிமிடச் சாப்பாடு

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்குக் கப் நூடுல்ஸ் சாப்பிட்டதுண்டா? வயிறு நிறையுமா? (தேனி வாசகி)

பதில்: போன வாரம்தான் சாப்பிட்டேன். மூடியைப் பிரித்து, கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, மூன்று நிமிடம் காத்திருந்தேன். நம் வீட்டுக் குக்கர் முதல் விசில் அடிப்பதற்குள் சாப்பாடு தயார்! சுவை நாக்கில் நின்றது, வயிற்றில் நிற்கவில்லை. நாலு மணிக்கே பசி வந்து கதவைத் தட்டிவிட்டது.

ஆனாலும் அந்தக் கப்பைக் கும்பிடத் தோன்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஜப்பானில், ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவர் மொமொஃபுகு ஆண்டோ. வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் மாதக்கணக்கில் போராடினார். நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் ஈரம் வெளியேறி நுண்துளைகள் விழும், வெந்நீர் பட்டதும் அந்தத் துளைகள் நீரைக் குடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். 1958-இல் அந்த உடனடி நூடுல்ஸ் கடைக்கு வந்தபோது அவருக்கு 48 வயது. கப் வந்தது 1971-இல். கப்புக்குள் போட்டால் நூடுல்ஸ் கோணலாக விழுந்ததாம்; அதனால் நூடுல்ஸை வைத்து அதன்மேல் கப்பைக் கவிழ்த்தார்கள். என்ன மூளை!

உப்புதான் கவலை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. அதனால் மசாலாவில் பாதியை மட்டும் போடுங்கள். ஓர் அவித்த முட்டையும் கைப்பிடிக் கீரையும் சேருங்கள், அம்மா.